கொரோலா 110க்கு டர்போ போடவா, என்.ஏ.யாகவே கட்டவா?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். கையில் ஒரு கொரோலா 110, 5ஏ எஞ்சின், மனுவல் கியர். ஒயில் குடிக்கிறது, காலையில் ஸ்டார்ட் பண்ணினால் புகைக்கிறது, இழுவையும் விழுந்துவிட்டது. எப்படியும் எஞ்சினை இறக்க வேண்டும், இறக்குகிற கையோடு கொஞ்சம் பலமாகக் கட்டிவிடலாம் என்று காசு சேர்த்து வைத்திருக்கிறீர்கள். ஒரு கூட்டாளி டர்போ, அதாவது வெளியே போகிற புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற சாமான், போடச் சொல்கிறார். இன்னொருவர் சிலிண்டருக்குள் கலவையை அமுக்குகிற விகிதமான கம்ப்ரஷனைக் கூட்டி, வால்வுகளைத் திறக்கிற கேமை மாற்றி, டர்போ இல்லாமல் என்.ஏ.யாகவே கட்டச் சொல்கிறார். களுவாஞ்சிக்குடியிலிருந்து தினமும் மட்டக்களப்புக்கு வேலை, கிழமைக்கு ஒருதரம் அம்பாறை, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருக்கா பதுளையில் மனைவி வீடு. எது சரி என்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம் என்பது என் பதில். 5ஏயைக் கம்பனி அளவுக்கே, ஆனால் குறை வைக்காமல் கட்டுங்கள். டர்போ ஆசை அதற்குப் பிறகும் விடவில்லை என்றால், டர்போவோடு பிறந்த ஒரு காரை வாங்குங்கள். இப்படிச் சொன்னால் மனம் விழும் என்று தெரியும், அதனால் காரணத்தை ஆறுதலாகச் சொல்கிறேன்.

எஞ்சின் கட்டுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் குதிரைத்திறனில் தொடங்குவார்கள். நான் ரோட்டில் தொடங்குவேன். களுவாஞ்சிக்குடியில் ஏறி வடக்கே பிடித்தால் களுதாவளை, தேற்றாத்தீவு, செட்டிபாளையம், குருக்கள்மடம், கிரான்குளம், தாழங்குடா, ஆரையம்பதி, காத்தான்குடி என்று கல்லடிப் பாலம் வரைக்கும் எந்த ஊர் எங்கே முடிகிறது என்றே தெரியாது. கோயில், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், சந்தை, சைக்கிள், மாடு. சட்டப்படி ஊருக்குள் 50, வெளியே 70. அந்த வேகத்தில் நாலாம், ஐந்தாம் கியரில் உங்கள் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 முதல் 2,500 சுற்றுக்குள் நிற்கும். முன்னால் போகிற லொறியை வெட்டி எடுக்க மூன்றாம் கியருக்கு இறக்கினால் 3,500 வரை ஏறும். உங்கள் கார் தன் ஆயுளில் பெரும்பகுதியை இந்த 2,000 சுற்று இடைவெளிக்குள்தான் கழிக்கப் போகிறது. அந்த இடத்தில் எஞ்சின் எப்படி இழுக்கும் என்பதைப் பார்த்துத்தான் நீங்கள் காசைப் போட வேண்டும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. குதிரைத்திறன் என்பது இழுவையையும் சுற்றையும் பெருக்கி வருவது. டர்போ இல்லாத எஞ்சின் வெளியிலுள்ள காற்றைத் தானே உறிஞ்சிச் சிலிண்டரை நிரப்ப வேண்டும். கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் 1 பார் அளவு. அதற்கு மேல் யாரும் தள்ளிக் கொடுப்பதில்லை. ஆகவே லீற்றருக்கு இவ்வளவு இழுவைதான் என்று ஒரு கூரை இருக்கிறது. தெருவில் ஓடும் என்.ஏ. எஞ்சினுக்கு அந்தக் கூரை சுமார் 100 நியூட்டன் மீற்றர். உங்கள் 5ஏ 1,498 சிசி. 4,400 சுற்றில் ஏறக்குறைய 138 நியூட்டன் மீற்றர் தருகிறது, அதாவது லீற்றருக்கு 92. அதே கொரோலாக் குடும்பத்தில் லெவின், ட்ரூனோ கார்களுக்கு டொயோட்டா போட்ட 20 வால்வு பிளாக்டொப் 4ஏ-ஜிஈயைப் பாருங்கள். 1,587 சிசி, 5,600 சுற்றில் 162 நியூட்டன் மீற்றர், லீற்றருக்கு 102. சிலிண்டருக்கு ஐந்து வால்வு, நாலு தனித்தனித் திரொட்டில், 11க்கு 1 கம்ப்ரஷன் என்று கம்பனியே முழு மூச்சாகச் செய்த எஞ்சின் அது. அவ்வளவும் செய்து லீற்றருக்குக் கூடின இழுவை 10. ஆனால் குதிரைத்திறன் 100இலிருந்து 165ஆக ஏறியது. ஏறினது எங்கே என்றால், 7,800 சுற்றில்.

என்.ஏ. கட்டுவதன் முழு உண்மை இதற்குள் இருக்கிறது. மேலே சுற்றினால்தான் அது கொடுக்கும். மேலே சுற்றுவதற்காகப் பெரிய கேம் போட்டால், கீழே 2,000 சுற்றில் வால்வு மூடத் தாமதமாகி, உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கு திரும்ப வெளியே தள்ளப்படும். கார் நிற்கும்போது எஞ்சின் ஓடுகிற ஐடில் குலுங்கும், ஏ.சி. போட்டால் எஞ்சின் நின்று நின்று வரும். நீங்கள் ஒவ்வொரு நாளும் பாவிக்கிற இடத்திலிருந்து இழுவையை எடுத்து, வருடத்தில் ஒருதரம்கூடப் போகாத இடத்தில் கொண்டுபோய் வைக்கிற வேலை அது.

அதிலும் உங்கள் 5ஏ-எஃப்ஈயின் ஹெட், அதாவது வால்வும் கேமும் இருக்கிற மேற்பகுதி, அந்த வேலைக்குப் பிறந்ததல்ல. டைமிங் பெல்ட் ஒரு கேமை மட்டும் சுற்றும். பக்கத்துக் கேமை ஒரு சின்னப் பல்சக்கரம் இழுத்துக்கொண்டு போகும். இரண்டு வரிசை வால்வும் நெருங்கி, கிட்டத்தட்ட நேராக நிற்கும். பெற்றோல் சிக்கனத்துக்கும் நடுச் சுற்று இழுவைக்கும் என்று டொயோட்டா வகுத்த ஹெட் அது. அதைக் கிறைண்ட் பண்ணிப் பெரிதாக்கி 7,000 சுற்றுக்கு ஓட்டுவதற்குக் கொட்டுகிற காசுக்கு பிளாக்டொப்பின் ஹாஃப் கட், அதாவது எஞ்சினோடு வெட்டின பாதிக் கார், ஒன்றையே இறக்கிவிடலாம். பிளாக்டொப் ஓட்டிப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: 5,500க்கு மேல் அந்த நாலு திரொட்டிலும் திறந்து பாடும் சத்தத்துக்கு இணை இல்லை. மலையேற்றப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆரையம்பதியிலும் காத்தான்குடியிலும் அந்தச் சத்தத்தைக் கேட்க உங்களுக்கு வாய்ப்பு வராது.

சரி, டர்போவுக்கு வருவோம். கணக்குப்படி பார்த்தால் உங்கள் ரோட்டுக்குப் பொருத்தம் டர்போதான், அதை மறைக்கப் போவதில்லை. நம் ஊரில் ஓடுகிற வேகன் ஆர் நல்ல உதாரணம். ஒரே 658 சிசி எஞ்சின். டர்போ இல்லாதது 52 குதிரைத்திறன், 63 நியூட்டன் மீற்றர். டர்போ உள்ளது 64 குதிரைத்திறன், 95 நியூட்டன் மீற்றர். குதிரைத்திறனில் வித்தியாசம் 12 மட்டும், இழுவையில் பாதிக்கு மேல் கூடியிருக்கிறது. இன்னொன்று, டொயோட்டா ரெய்ஸ். 996 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ. 98 குதிரைத்திறன், 140 நியூட்டன் மீற்றர். உங்கள் 5ஏயின் எண்களும் கிட்டத்தட்ட அவையேதான். ஆனால் 5ஏ அந்த இழுவைக்கு 4,400 சுற்று வரை ஏற வேண்டும், ரெய்ஸ் 2,400இலேயே கொடுத்துவிடுகிறது. கல்லடிப் பாலத்தில் இறங்கி ஒரு பஸ்ஸை முந்தும்போது இந்த வித்தியாசம் காலில் தெரியும்.

ஆனால் அந்த டர்போ, அந்த எஞ்சினுக்காகவே அளவெடுத்த சின்ன டர்போ. உங்கள் கூட்டாளி சொல்கிற, ஹாஃப் கட் யார்டில் கழற்றி வைத்திருக்கிற பழைய டர்போ எந்த எஞ்சினுக்குப் பிறந்ததோ தெரியாது. 2,000 சிசி எஞ்சினிலிருந்து கழற்றினதை 1,500 சிசியில் மாட்டினால் 3,500க்குப் பிறகுதான் அது கண் விழிக்கும். அதுவரை புகைபோகும் வழியில் ஒரு அடைப்பாகத்தான் இருக்கும். உங்கள் ரோட்டில் அது விழிக்கிற நேரம் எப்போது வரும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது சூடு. இதுதான் நம் பக்கத்தில் பலரும் கணக்கில் எடுக்காத விஷயம். பகலில் 32 பாகை என்று வையுங்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அதற்கும் மேலே. அந்தக் காற்றை 0.5 பார் பூஸ்டுக்கு, அதாவது வெளிக்காற்றைவிட 0.5 பார் கூடுதலாக, அமுக்கினால், டர்போவிலிருந்து வெளியே வரும்போது அது 85, 90 பாகை. அந்தக் காற்றைக் குளிர வைக்கிற நல்ல இண்டர்கூலர் இருந்தால் 45, 50க்கு இறங்கும். அதுவும் முன்னால் காற்று பாய்ந்துகொண்டிருக்கும்போது மட்டும். சூடான காற்று, அதற்கு மேல் உங்கள் பிஸ்டனின் 9.8க்கு 1 கம்ப்ரஷன், டாங்கியில் ஒக்டேன் 92 பெற்றோல். மூன்றும் சேர்ந்தால் பிளக் பற்றவைத்த நெருப்பு போய்ச் சேருமுன் மூலையில் இருக்கிற கலவை தானாக வெடிக்கும். நொக்கிங் என்பது அதுதான்.

நான் அனுபவித்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் பழைய லான்சருக்கு இப்படித்தான் ஒரு டர்போ போட்டேன். உள்ளே கம்பனிப் பிஸ்டன், 0.5 பார் பூஸ்ட். ஊருக்குள் மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. ஏப்ரல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு மேலே புறப்பட்டோம். செங்கலடியில் திரும்பி, கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா, பிபிலை. வழியில் நொக்கிங்கை அதிகம் தாங்கும் 95 பெற்றோல் கிடைக்காமல் 92 அடித்தேன். ஐந்து பேர், ஏ.சி. ஓடுகிறது. லுணுகலைப் பக்கம் ஏற ஏற, டின்னுக்குள் கச்சான் கொட்டை போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். கண்ணாடி மூடியிருந்ததால் எனக்கு அது தெளிவாகக் கேட்கவில்லை. பின்னால் நீலப் புகை வந்த பிறகுதான் நிறுத்தினேன்.

ஹெட்டைக் கழற்றி மூன்றாம் பிஸ்டனைக் கையில் எடுத்தபோது, மேல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவிலுள்ள கரை பெருவிரல் நகமளவு உடைந்து வந்திருந்தது. உருகின அடையாளம் இல்லை. பிஸ்கட் உடைந்தது போல நேர் வெட்டு. பிளக்கை வெயிலில் திருப்பிப் பார்த்தால் வெள்ளைப் பீங்கானில் உப்புத் தூவினது போலச் சின்னச் சின்ன வெள்ளிப் பொட்டுகள். அவ்வளவும் பிஸ்டனின் அலுமினியம். டியூன் பண்ணினவர்கள் சமதரையில், மாலை நேரத்தில் ஓட்டிப் பார்த்து, பிளக் பற்றுகிற நேரமான டைமிங்கை வைத்திருந்தார்கள். 15 நிமிடம் இரண்டாம் கியரில் ஏறும்போது இண்டர்கூலரே சூடாகி நிற்கும் என்பதற்கு யாரும் இடம் விடவில்லை. நானும் கேட்கவில்லை. பதுளைக்கு நீங்கள் போகப்போவதும் அதே ஏற்றத்தால்தான்.

இதைத் தடுக்க வழி இல்லையா என்றால், இருக்கிறது. கம்ப்ரஷன் 8.5 அளவுக்குக் குறைத்த, அடித்து உருவாக்கின ஃபோர்ஜ் பிஸ்டன், பலமான ரொட், பெரிய இன்ஜெக்டர், பெரிய பெற்றோல் பம்ப், எஞ்சினை ஆளுகிற கணினியான ஈ.சி.யூ. தனியாக ஒன்று, கலவையை அளக்க வைட்பேண்ட் சென்சர், டர்போவுக்கு ஒயில் போய்வரும் குழாய்கள், இரட்டைப் பலத்தில் கிளச், பெரிய ரேடியேற்றர். ரிங் இடைவெளிகூட மாறும்: உங்கள் 78.7 மில்லிமீற்றர் போருக்கு (சிலிண்டர் துளையின் விட்டம்) என்.ஏ. என்றால் மேல் ரிங்கில் 0.3 மில்லிமீற்றர் போதும். டர்போவுக்கு 0.4க்குக் குறையக் கூடாது, குறைந்தால் சூட்டில் ரிங்கின் இரண்டு முனையும் முட்டி, மேலே சொன்ன அதே கரையை உடைக்கும். கூட்டிப் பார்த்தால் டர்போவின் விலை மொத்தச் செலவில் சின்னப் பங்குதான். எல்லாவற்றுக்கும் மேல், ஈ.சி.யூ.வை உங்கள் காருக்கென்று உட்கார்ந்து டியூன் பண்ண அனுபவமுள்ள ஒருவர் வேண்டும். ஒருதரம் பண்ணிவிட்டுப் போகிறவர் போதாது. வெயிலில் ஒருதரம், மலையில் ஒருதரம் என்று திரும்பத் திரும்ப வந்து பார்க்கிறவர் வேண்டும். அப்படி ஒருவர் உங்களுக்குக் கிட்டத்தில் இருக்கிறாரா? இந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடியாதவரைக்கும் டர்போவுக்குக் காசு எடுக்காதீர்கள்.

பெற்றோலையும் யோசியுங்கள். கிழமைக்கு ஐந்து நாள், போகவர 60 கிலோமீற்றர் என்றால் 300. லீற்றருக்கு 12 ஓடினால் 25 லீற்றர், 10 ஓடினால் 30. டர்போ எஞ்சின் பூஸ்டில் இருக்கும்போது பிஸ்டனைக் குளிர வைக்கவென்றே கூடுதலாகப் பெற்றோல் குடிக்கும், அதுவும் 95தான் வேண்டும். 92 எல்லாப் பெற்றோல் செட்டிலும் உண்டு; 95ஐத் தேடிப் போக வேண்டும். 2022இல் கியூஆர் காலத்தில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று நின்ற வரிசைகள் யாருக்கும் மறந்திருக்காது.

டர்போவின் சார்பில் ஒன்று சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மலை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். குளிர்ந்த காற்று கொஞ்சத்தைத் திருப்பித் தந்தாலும், நம் கடற்கரையில் 100 குதிரை தந்த என்.ஏ. எஞ்சின் மேலே 80, 85தான் தரும். டர்போ சற்று வேகமாகச் சுற்றி அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். உயரத்தில் மூச்சு வாங்கும் விமான எஞ்சின்களுக்கு டர்போவைத் தேடிப் போனதும் இதனால்தான். பதுளை 700 மீற்றருக்குக் கிட்ட, அங்கே இழப்பு நூற்றுக்கு 8 அளவில். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம் வருகிற அந்த 8க்கு ஒரு கியர் இறக்கினால் போதும். நீங்கள் வெலிமடையிலோ நுவரெலியாவிலோ குடியிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

நம் காற்றில் உப்பும் உண்டு. முன்னால் வெயிலும் கடற்காற்றும் படுகிற இண்டர்கூலர், ரேடியேற்றர் இரண்டின் மெல்லிய தகடும் சில வருடத்தில் கையில் பொடியாக உதிரும். அம்பாறைக்குப் போகும்போது காரைதீவுச் சந்தி தாண்டி மாவடிப்பள்ளி, சம்மாந்துறை வயல்வழியில் அறுவடை நேரத்துத் தூசியையும் பதரையும் பார்த்திருப்பீர்கள். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிற டர்போ இறக்கைக்கு, ஃபில்டரைத் தாண்டி வருகிற ஒரு மணல் பருக்கையே கல்லால் அடித்தது போல. என்.ஏ. எஞ்சின் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும்.

அப்படியானால் 5ஏயை எப்படிக் கட்டுவது? போரை அளந்து, தேய்ந்திருந்தால் 0.50 மில்லிமீற்றர் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன். கிராங்கை மைக்ரோமீற்றர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், கண்ணால் பார்த்து நல்லது என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். வால்வு சீட் அரைத்து, வால்வு சீல், டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப் எல்லாம் புதிது. இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவுங்கள். நம் நாடு சூடு, தேவையில்லை என்று சொல்லி, எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரைத் தடுத்து வைக்கிற தேர்மோஸ்டாற்றைக் கழற்றி எறிகிற பழக்கம் ஒன்று இங்கே இருக்கிறது. அதற்கு இடம் கொடுக்காதீர்கள். எஞ்சின் சூடு ஏறாமல் ஓடினால் ஈ.சி.யூ. குளிர் என்று நினைத்துக் கூடுதலாகப் பெற்றோல் கொட்டும், அந்தப் பெற்றோல் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவி ரிங்கைத் தின்னும். புதிதாகக் கட்டின எஞ்சின் இரண்டு வருடத்தில் மீண்டும் புகைப்பதற்கு நான் பார்த்த காரணங்களில் இது முன்னுக்கு நிற்கிறது.

இதெல்லாம் செய்த 5ஏ, நீங்கள் இத்தனை வருடம் ஓட்டின தேய்ந்த 5ஏயோடு ஒப்பிட்டால் வேறொரு காராகவே தெரியும். மிஞ்சுகிற காசை நல்ல டயர், பிரேக் டிஸ்க், சொக்கப்சோபர் மூன்றுக்கும் கொடுங்கள். பதுளை வழியிலுள்ள பசறை இறக்கத்தில் அவைதான் உங்களைக் காப்பாற்றும்.

டர்போவோடு பிறந்த கார் என்று நான் சொன்னது டொயோட்டாவின் டர்போ ஸ்டார்லெட் போன்றது. அதிலுள்ள 4ஈ-எஃப்டிஈ 1,331 சிசி, 135 குதிரைத்திறன், 157 நியூட்டன் மீற்றர். கம்ப்ரஷன் 8 சொச்சம். பிஸ்டன், ஈ.சி.யூ., இன்ஜெக்டர், டர்போ எல்லாம் ஒன்றுக்கொன்று அளவெடுத்து டொயோட்டாவே சேர்த்தது. அந்த எஞ்சினுக்கான பொறுப்பைக் கம்பனி ஏற்கனவே சுமந்துவிட்டது. நீங்கள் நல்ல ஒயில், 95 பெற்றோல், ஏறி வந்து நிறுத்தும் முன் ஒரு நிமிட ஐடில், இவ்வளவைப் பார்த்துக்கொண்டால் ஓடும். 2020இல் தொடங்கி 2025 வரை இறக்குமதி நின்றிருந்த காலத்தில் நல்ல ஸ்டார்லெட்டுக்கு விலை ஏறியது, வாங்கினால் எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள்.

இனி முதல் வேலை. எஞ்சினை இறக்க யாருக்கும் முற்பணம் கொடுக்க முன் கம்ப்ரஷன் பாருங்கள். எஞ்சின் சூடாக, நாலு பிளக்கும் கழற்றி, திரொட்டிலை முழுக்கத் திறந்து அளக்க வேண்டும். புது 5ஏ 190 பிஎஸ்ஐ அளவு காட்டும், 140க்குக் கீழே போனால் வேலை இருக்கிறது. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஒயில் ஊற்றித் திரும்ப அளந்து பாருங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. நீங்கள் சொன்ன காலைப் புகை முதல் ஒரு நிமிடத்தோடு நின்றுவிடுகிறது என்றால், அது வால்வு சீல் கெட்டதற்கான அடையாளமாகவும் இருக்கலாம். அந்த எண்களை எழுதி அனுப்புங்கள். எஞ்சினை இறக்க வேண்டுமா, ஹெட்டை மட்டும் கழற்றினால் போதுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.